பெயர்ச் சீட்டுக்கு அடியில்

ஜூன் 3

அக்காவுக்கு,

நான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் அது பொய்யாகிவிடும். இந்தக் கடிதத்தை உனக்கென்று எழுதவில்லை, நீ பார்க்கும் எக்ஸ்ரே வேலைக்காக எழுதுகிறேன்.

உறைக்குள் ஒரு எக்ஸ்ரே இருக்கிறது. என் மகள் கொக்கின் இடது முழங்கால். நீ கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பதினொன்று. இப்போது பதினைந்து, என்னைவிட அரை அடி உயரம். பள்ளியில் உயரம் தாண்டுவதில் அவள்தான் முதல். கொக்கு என்று பெயர் வைத்தது நீ. அதற்கேற்ற மாதிரி கால் மட்டும்தான் வளர்ந்திருக்கிறது.

இரண்டரை மாதமாக முழங்கால் வலிக்கிறது என்கிறாள். ஆரம்பத்தில் பயிற்சி முடிந்த பிறகு வலித்தது. இப்போது சும்மா உட்கார்ந்திருந்தாலும் வலிக்கிறது, நல்ல தூக்கத்தில் இருந்து எழுப்பி விடுகிறது. விளையாட்டு டீச்சர் சுளுக்கு என்றார். தெருமுனை டாக்டர், "வளர்ற வயசும்மா, வலிக்கத்தான் செய்யும்" என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை இரண்டு மணி நேரம் கேட்கிறது. நான் அடம் பிடித்த பிறகுதான் இந்தப் படத்தை எடுத்தார்கள். மூட்டில் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார்.

பிறகு ஏன் எனக்கு நிம்மதி இல்லை என்று கேட்பாய். போட்டிக்குப் புதுக் கால்சட்டை தைக்க அவளுக்கு அளவெடுத்தேன். முழங்காலுக்கு நான்கு விரல் மேலே நாடாவைச் சுற்றினேன். வலது கால் பதினான்கே கால் அங்குலம். இடது கால் பதினைந்தரை. நாடாதான் இழுத்துவிட்டதோ என்று வேறு நாடா எடுத்தேன், அதிலும் அதேதான். பதினெட்டு வருஷமாகக் கடையில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை அளவெடுக்கிறேன். யாருக்கும் இரண்டு காலும் ஒரே அளவு இருக்காது, தெரியும். ஆனால் ஒன்றே கால் அங்குலம் வித்தியாசம் இருக்கவே இருக்காது. அந்த இடம் தொட்டால் சூடாக இருக்கிறது. கொஞ்சம் அழுத்தினால் கத்துகிறாள்.

என் வீட்டு உடம்பை இனிமேல் நீ பார்க்கக் கூடாது என்று அம்மாவைக் கொண்டுபோன அன்று வாசலில் நின்று சொன்னேன். அதைத் திரும்பப் பெறவில்லை. இந்த ஒரு படத்துக்கு மட்டும் விதிவிலக்கு. படம் சரியாக எடுத்திருக்கிறதா என்று சொல், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். உன் வார்த்தைகளால் நாங்கள் பட்டது போதும்.

போன் செய்யாதே. எடுக்க மாட்டேன்.

தங்கை


ஜூன் 8

தங்கச்சிக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் அரை மணி நேரம் பிரிக்காமலே வைத்திருந்தேன். நான் நலம். நீ கேட்கவில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

படத்தைப் பார்த்தேன். ஒரே பிலிமில் இரண்டு படம் எடுத்திருக்கிறார்கள், முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பிலிமை மிச்சம் பிடிக்கச் சின்ன இடங்களில் இப்படிச் செய்வதுண்டு. நாங்களும் செய்திருக்கிறோம். இதில் என்ன சங்கடம் என்றால், மூட்டு நடுவில் வந்துவிடும், அதற்கு மேலேயும் கீழேயும் கொஞ்சம்தான் விழும். அந்தக் கொஞ்சத்தின் மேல் ஓரத்தில் உன் மகள் பெயர், வயது, தேதி எழுதிய சீட்டை ஒட்டியிருக்கிறார்கள். சீட்டை எலும்பில்லாத மூலையில், வெறும் கறுப்பில் ஒட்ட வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடம். இவர்கள் தொடை எலும்பின் மேலேயே ஒட்டிவிட்டார்கள். மூட்டைப் பார்க்கச் சொன்னார்கள், மூட்டு தெரிகிறது, மற்றது எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

ஆக, மூட்டைப் பொறுத்தவரை படத்தில் குறை இல்லை. தொடை எலும்பின் கீழ்ப்பகுதிதான் சரியாகத் தெரியவில்லை. பாதித் தொடை வரைக்கும் சேர்த்து இன்னொரு படம் எடுப்பது நல்லது. முடிந்தால் எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வா. எலும்பு மட்டும் பார்க்கிற பெரிய டாக்டர் ஒருவர் இங்கே இருக்கிறார், நிதானமானவர். அவசரம் ஒன்றும் இல்லை. உங்களுக்குச் சௌகரியப்படும்போது வாருங்கள்.

வலிக்கிற காலை வைத்துக்கொண்டு ரொம்பக் குதிக்க வேண்டாம் என்று கொக்கிடம் சொல். மாப்பிள்ளையைக் கேட்டதாகவும் சொல், சொல்ல முடிந்தால்.

அக்கா


ஜூன் 13

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன் இவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். "அவசரம் ஒன்றும் இல்லை" என்ற வரி வந்ததும் இவர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "உங்க அக்காவே பயமுறுத்தலைன்னா, பயப்பட ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம்" என்று சிரித்தார். உன்னைப் பற்றிப் பேசி இந்த வீட்டில் யாரும் சிரித்து நான்கு வருஷம் ஆகிறது.

நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இவருடைய இருமலுக்கு எடுத்த நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இது நல்லதாப் படலையே, புத்து மாதிரி இருக்கே" என்று வீட்டு நடுவில் நின்று சொன்னாய். பெரிய ஆஸ்பத்திரியில் அதெல்லாம் இல்லை, பழைய காயம் ஆறிய வடு என்று சொல்ல மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் இவர் அச்சகத்தில் கொடுத்த மேற்பார்வை வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார், எத்தனை நாள் இருக்கப் போகிறோம் என்று. அம்மா அந்த மூன்று வாரத்துக்குள்தான் கண்ணை மூடினாள். மருமகன் சாகப் போகிறான், மகள் தனியாக நிற்கப் போகிறாள் என்று நம்பிக்கொண்டே போனாள். அவளிடம் போய் "அது வெறும் வடுதான்மா" என்று யார் சொல்வது?

இந்த முறை நீ அளந்து பேசியிருக்கிறாய். நன்றி என்று எழுத மனசு வந்திருக்கிறது, எழுதிவிடுகிறேன். நன்றி.

ஜூலை 2 அன்று அவளுக்குப் பள்ளிகளுக்கு இடையிலான பெரிய போட்டி. ஒரு வருஷமாக அதற்குத்தான் உயிரை விடுகிறாள். முடிந்ததும் பள்ளிக்கு லீவு போட்டுக் கூட்டி வருகிறேன். "பெரியம்மா வீட்டில அந்த ஆடுற நாற்காலி இன்னும் இருக்கா?" என்று கேட்கச் சொன்னாள்.

தங்கை


ஜூன் 26

தங்கச்சி,

நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள். கொக்கு பக்கத்தில் இருந்தால் ஏதாவது வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பு.

நான் உனக்குப் பொய் எழுதினேன். "அவசரம் ஒன்றும் இல்லை" என்பது பொய்.

அந்தப் பெயர்ச் சீட்டை அன்றே உரித்துவிட்டேன். வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒற்றி, ஓரத்தில் இருந்து மெதுவாக உரித்தேன். நம் எலும்பைச் சுற்றி மெல்லிய தோல் ஒன்று உண்டு. ஈரம் ஏறிய சுவரில் பூச்சு ஓரத்தில் கிளம்பி நிற்கும் இல்லையா, அது மாதிரி அந்தத் தோல் ஓரிடத்தில் எலும்பை விட்டுத் தூக்கிக்கொண்டு முக்கோணமாக நிற்கிறது. அங்கிருந்து சதைக்குள் குச்சி குச்சியாக மெல்லிய கோடுகள் கிளம்புகின்றன. எலும்பின் உள்ளே சில இடம் அரித்த மாதிரி கறுப்பாகவும் சில இடம் திட்டுத் திட்டாக வெள்ளையாகவும் இருக்கிறது. உன் நாடா ஒன்றே கால் அங்குலம் கூடுதலாகக் காட்டிய இடம் அதுதான். நீ சரியாக அளந்திருக்கிறாய்.

இந்த அறையில் இருபத்திரண்டு வருஷத்தில் இப்படிப்பட்ட படம் ஒன்பது எடுத்திருக்கிறேன். ஒன்பது பேரும் பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் நடுவில் இருக்கிற பிள்ளைகள், பெரும்பாலும் முழங்கால் பக்கம். ஏழு பேருக்கு எலும்புப் புற்று. ஒருவனுக்கு எலும்புக்குள் சீழ் கட்டியிருந்தது. இன்னொருத்திக்கு யாரும் கவனிக்காமல் விட்ட முறிவு, தானாகக் கூடிக்கொண்டிருந்தது. கொக்குக்கு எது என்று எனக்குத் தெரியாது. படத்தை வைத்து மட்டும் டாக்டராலும் சொல்ல முடியாது. மாப்பிள்ளை விஷயத்தில் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன். இப்போது தெரிந்ததைத் தெரியாத மாதிரி பூசி மெழுகிவிட்டேன். இரண்டில் இதுதான் பெரிய பாவம்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். மறுபடியும் தப்பாகச் சொல்லிவிட்டால் உன்னை மொத்தமாக இழந்துவிடுவேன் என்று பயந்தேன். உன் மகளுக்கு என்ன ஆகும் என்பதை விட, நீ என்னை என்ன நினைப்பாய் என்பது உனக்குப் பதில் எழுதிய அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

போட்டி முடிந்து வருகிறோம் என்ற உன் கடிதம் 17ஆம் தேதி வந்தது. ஒன்பது நாள் அதை வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்று முறை போன் அடித்தேன். இரண்டு முறை என் குரலைக் கேட்டதும் நீ வைத்துவிட்டாய். மூன்றாம் முறை எடுத்தது கொக்கு. "பெரியம்மா!" என்று அவ்வளவு சந்தோஷமாகக் கூப்பிட்டாள். "நல்லாச் சாப்பிடுறியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

இனி நான் சொல்வதைச் செய். அவள் தாண்டக் கூடாது, ஓடக் கூடாது. அந்த எலும்பு உள்ளே பலமிழந்திருந்தால் ஒரு குதியில் முறிந்துவிடும், முறிந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். காலை யாரும் தேய்த்துவிடவும் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியமானது இது: அங்கே எந்த டாக்டரும் அந்த இடத்தில் ஊசி விட்டோ கீறியோ பார்க்க விடாதே. ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்கத்தான் வேண்டும், ஆனால் பின்னால் ஆபரேஷன் செய்யப் போகிறவர் கையாலேயே அது நடக்க வேண்டும். ஊசி போன வழியெல்லாம் நோய் ஒட்டியிருக்கலாம் என்று பிறகு அந்த வழியையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். கண்ட இடத்தில் குத்திவிட்டால் காப்பாற்றக் கூடிய காலும் போய்விடும்.

எலும்பு டாக்டரிடம் பேசிவிட்டேன். எந்த நாள் வந்தாலும் பார்க்கிறேன் என்றார். என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள். முதலில் கிளம்பு.

அக்கா


ஜூன் 30

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. இவர்தான் பிரித்தார். நான் படித்து முடிக்கவில்லை, முதல் பக்கத்திலேயே செருப்பை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினேன். கொக்கு ஓடி வந்துகொண்டிருந்தாள். குறுக்குக் கம்பிக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றுவிட்டேன். மோதிக்கொண்டு இரண்டு பேரும் விழுந்தோம். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். "அம்மா, மானத்த வாங்குறியே" என்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்க எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

நேற்று மத்தியானமே தொடை முழுவதும் தெரிகிற மாதிரி படம் எடுத்து இங்கே ஒரு சர்ஜனிடம் காட்டினோம். படத்தைப் பார்த்ததும், "கட்டி மாதிரி இருக்கு, நாளைக்கே திறந்து பாத்துடலாம்" என்றார். இவர் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்து அவர் மேஜையில் வைத்தார். இரண்டு முறை படித்தார். "எழுதினது யாரு?" "என் வீட்டுக்காரியோட அக்கா. எக்ஸ்ரே எடுக்கிறவங்க." அவர் நல்ல மனுஷன். "அவங்க சொல்றதுதான் சரி. நான் தொடலை. அங்கேயே கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மூன்று வாரம், அக்கா. எண்ணிப் பார்த்தேன். நீ சீட்டை உரித்த நாளில் இருந்து நேற்று வரைக்கும் சரியாக மூன்று வாரம். முன்பு வாயைத் திறந்து எங்களை மூன்று வாரம் கொன்றாய். இப்போது வாயை மூடிக்கொண்டு மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அவள் தினமும் நாற்பது முறை தாண்டினாள். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

நாளை மறுநாள் வண்டி ஏறுகிறோம். உன் வீட்டில் தங்க மாட்டோம். ஆஸ்பத்திரியில் என் எதிரில் வராதே. உன் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. சொல்ல வேண்டியது இருந்தால் எழுதி அனுப்பு. எழுத்தில் பொய் சொன்னால் கையில் ஆதாரமாவது இருக்கும்.


ஜூலை 5
அடித்தள எக்ஸ்ரே அறையில் இருந்து நான்காம் மாடி வார்டுக்கு

தங்கச்சி,

இதைக் கொண்டு வருபவர் எங்கள் தள்ளுவண்டி அண்ணன். நோயாளிகளை வார்டுக்கும் கீழுக்கும் தள்ளிப் போகிறவர். "ஒரே கட்டடத்துக்குள்ள லெட்டர் போட்டுக்கிற அக்கா தங்கச்சிய இப்பத்தான் பாக்கிறேன், ஸ்டாம்ப் ஒட்டலையா?" என்று கேட்டார். நம்பகமானவர். பதிலையும் அவரிடமே கொடுக்கலாம்.

இன்று அவளை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூட்டிப் போனார்கள். எலும்பின் மஜ்ஜையில் எதுவரை பரவியிருக்கிறது, பக்கத்து ரத்தக் குழாயைத் தொட்டிருக்கிறதா என்று அதில்தான் தெரியும். நாளைக்கு நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன். கால்வலிக்கு எதற்கு நெஞ்சைப் பார்க்கிறார்கள் என்று பயப்படுவாய். இந்த நோய் வேறு இடத்துக்குப் போவதாக இருந்தால் பெரும்பாலும் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும். அது உண்மை, அதனால் எழுதுகிறேன். ரத்தத்தில் ஒரு அளவு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொல்வார். எலும்பு வேகமாக வேலை செய்தால் அது கூடும், வளர்கிற பிள்ளைகளுக்கும் கூடும். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டாதே.

7ஆம் தேதி துணுக்கு எடுப்பார்கள், டாக்டரே செய்வார். முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். எலும்பு கல் மாதிரி, மருந்தில் ஊற வைத்து இளக்கிய பிறகுதான் சீவிப் பார்க்க முடியும். தாமதம் என்றால் கெட்ட செய்தி என்று அர்த்தம் இல்லை.

நெஞ்சுப் படம் என் பக்கத்து அறையில்தான். நான் அந்த நேரத்தில் வெளியே போய்விடுவேன். உன் எதிரில் வர மாட்டேன்.

அக்கா


ஜூலை 9
நான்காம் மாடி

துணுக்கு எடுத்தாகிவிட்டது. இரண்டு தையல். வலி குறைந்து இன்றைக்குத்தான் தூங்குகிறாள்.

அன்று மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் அவள் என்ன கேட்டாள் தெரியுமா? பக்கத்துக் கட்டிலில் முடி கொட்டிய ஒரு பெண் படுத்திருக்கிறாள், அவளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அம்மா, எனக்கும் புத்துநோயா?" என்றாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைடி. டாக்டர் நிதானமாப் பாத்துச் சொல்வார், ஒண்ணும் அவசரம் இல்லை" என்றேன்.

வாயில் இருந்து வந்த பிறகுதான் காதில் விழுந்தது. நீ எழுதிய அதே வார்த்தை. உன்னைத் திட்டித் திட்டி எனக்கு மனப்பாடமாகிப் போன வார்த்தை. அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நம்பவில்லை என்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, குளியலறைக்குப் போய்விட்டேன்.

இதை உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. சொல்ல வேறு ஆள் இல்லை. இவரிடம் சொன்னால் உடைந்துவிடுவார்.


ஜூலை 10
அடித்தளம்

தங்கச்சி,

படுக்க வைத்துப் படம் எடுத்ததும் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "ஏதாவது தெரியுதா?" "டாக்டர் சொல்வார்" என்பதுதான் எங்கள் பதில். அதுதான் சட்டம், நல்ல சட்டமும்கூட. ஆனால் கேட்டவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போவார்கள். வாய் சொல்லாததை முகம் சொல்லிவிடும். கொக்கும் உன் முகத்தைத்தான் பார்த்திருப்பாள்.

தெரிந்தது எது, தெரியாதது எது என்று இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடு. "புத்துநோயா இருக்குமோன்னு சந்தேகப்படுறாங்க. இன்னும் உறுதியாகலை. தெரிஞ்ச அன்னைக்கே உன்கிட்ட சொல்றேன்." இவ்வளவு போதும். எனக்கு இதைச் சொல்ல அருகதை இல்லை என்று தெரியும். நீ என்னிடம் சொன்னாய் என்பதால் சொல்கிறேன்.

அக்கா


ஜூலை 17
நான்காம் மாடி

அக்கா,

முடிவு வந்துவிட்டது. நீ கீழே எப்படியாவது தெரிந்துகொண்டிருப்பாய். ஆனாலும் நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

புற்றுதான். ஆஸ்டியோசர்கோமா என்று பெயர் சொன்னார். எலும்பில் ஆரம்பிக்கிற புற்றில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதிகமாக வருவது இதுதானாம். ஏன் வந்தது என்று கேட்டேன். குதித்ததாலா, விழுந்ததாலா, என் வயிற்றில் இருந்தபோது நான் ஏதாவது செய்துவிட்டேனா? எதுவும் இல்லை, யாரும் செய்ததில்லை என்றார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. ரத்தக் குழாயைத் தொடவில்லை. முதலில் பத்து வாரம் மருந்து ஏற்றுவார்கள். பிறகு அந்த எலும்புத் துண்டை எடுத்துவிட்டு உலோகத்தில் மூட்டு வைக்கப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் மருந்து உண்டு. காலைக் காப்பாற்ற முடியும் என்று நினைக்கிறேன், ஆனால் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

கொக்கை உட்கார வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் பேசினோம். அவளுக்கு நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன், நீ எழுதியபடி. கால் போனாலும் போகலாம் என்றதும் அவள்தான் பேசினாள். "பரவாயில்ல டாக்டர். கொக்குக்கு ஒத்தக் கால் போதும்." டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். இவர் எழுந்து வெளியே போனார். அவளும் சிரித்துவிட்டு அப்புறம் அழுதாள். அழுது முடிக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டாக்டரைத் தனியாகப் பிடித்து அந்த மூன்று வாரத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். "மூணு வாரத்துல எவ்வளவு மாறிச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஒண்ணுமே மாறலைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதுல நிறையப் பேர் மாசக்கணக்கா சுளுக்கு, வளர்ற வலின்னு அலைஞ்சிட்டுத்தான் வர்றாங்க. நாடா வச்சு நீங்க பாத்தீங்க, சீட்ட உரிச்சு அவங்க பாத்தாங்க. இல்லைன்னா அந்தக் கால் மைதானத்துலயே முறிஞ்சிருக்கும்."

இதில் பாதிதான் உனக்கு ஆறுதல். மீதிப் பாதியையும் மறைக்கவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. எப்போது முடியும் என்றும் தெரியவில்லை. தெரிந்த அன்றைக்குச் சொல்கிறேன்.

பத்து வாரம் வார்டில் என்னால் அவளைத் தூங்க வைக்க முடியாது. மருந்து ஏற்றாத நாட்களில் வீடு வேண்டும். உன் வீட்டுச் சாவியைத் தள்ளுவண்டி அண்ணனிடம் கொடுத்து அனுப்பு. அந்த நாற்காலியைத் துடைத்து வை. கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

தங்கை


மார்ச் 9

அக்காவுக்கு,

உன் வீட்டில் எட்டு மாதம் ஒரே அடுப்படியில் நின்றோம், எழுத ஒன்றும் இல்லாமல் போனது. நேற்று ஊர் வந்து சேர்ந்தோம். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று நெஞ்சுப் படத்தின் முடிவைக் கேட்காமலே கிளம்பிவிட்டோம். அது என்னை உட்கார விடவில்லை.

வந்ததும் அவளுக்கு அளவெடுத்தேன். இப்போது உலோக மூட்டு வைத்த இடதுதான் இளைத்திருக்கிறது. வலது பதினான்கு, இடது பன்னிரண்டே முக்கால். இரண்டு காலுக்கும் தனித்தனி அளவில் கால்சட்டை தைத்தேன். போட்டுக்கொண்டு கைத்தடியோடு கண்ணாடி முன்னால் நின்றாள். வெளியில் இருந்து பார்த்தால் தெரியவில்லை. மாலையில் மைதானம் வரைக்கும் நடந்துபோய், மற்றவர்கள் தாண்டுவதை முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு வந்தாள்.

இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்றார்கள். படத்தை நீயே எடு. டாக்டர் சொன்னதும் நீயே எழுது. இந்த வீட்டு உடம்பை வேறு யாரும் பார்க்க வேண்டாம்.

தங்கை


மார்ச் 14

தங்கச்சி,

படத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். டாக்டர் இன்று காலை பார்த்தார். சுத்தமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார், அந்தத் தாளும் உள்ளே இருக்கிறது.

உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று படம் எடுத்து முடித்ததும் கொக்கு மேஜையில் இருந்து இறங்காமல், "பெரியம்மா, ஏதாவது தெரியுதா?" என்று கேட்டாள். சட்டத்தை மீறினேன். படம் வந்ததும் வெளிச்சப் பெட்டியில் மாட்டி, மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை, டாக்டரும் பாக்கணும்" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிஜமாவா, இல்ல அவசரம் ஒண்ணும் இல்லை மாதிரியா?" என்றாள். நம் கடிதங்களை எல்லாம் அவள் படித்திருக்கிறாள். "நிஜமாத்தான்" என்றேன். அதற்குப் பிறகுதான் இறங்கினாள்.

இந்தப் படத்தில் ஒன்றும் இல்லை. அடுத்து ஜூனில் எடுக்கப் போகிற படத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எது இருந்தாலும் பார்த்த அன்றைக்கே உனக்குத் தெரியும்.

நீயும் ஒரு முறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். பெயர்ச் சீட்டைக் கீழ் மூலையில், வெறும் கறுப்பில் ஒட்டியிருக்கிறேன். ஒட்டிய பிறகும் மனசு கேட்கவில்லை, உரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டினேன். அதனால்தான் ஓரம் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. அடியில் ஒன்றும் இல்லை.

அக்கா